பட்டியல் கடைசியில் வரட்டும்

கரோல் பாகில் டியூஷனுக்கு வரும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பேசுகிறவர்கள். நேற்று, இன்று, நாளையை இரண்டு மொழியிலும் பிசகாமல் சொல்வார்கள். புதிதாகப் பாடம் எடுக்க வருபவர்கள் இதைக் கவனிக்காமல், முதல் நாளே பன்னிரண்டு டென்ஸையும் கட்டம் போட்டு எழுதிவிடுகிறார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் அதை ஒப்பிப்பான். பரீட்சை முடிந்ததும் 'ஐ ஹாவ் சீன் ஹிம் எஸ்டர்டே' என்பான்.

எனக்குத் தொழில் கற்றுத்தந்த சார் போர்டின் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். நடுவில் புள்ளி வைத்து 'இப்ப' என்று எழுதுவார். பிறகு சாக்பீஸைப் பிள்ளைகளிடம் நீட்டிவிட்டுச் சும்மா நிற்பார். யாராவது எழுந்து வரும்வரை வாயே திறக்கமாட்டார். அப்படி நிற்கப் பழகவே எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

சிம்பிள் பிரசண்டுக்கும் கன்டின்யூவஸுக்கும் கடைத்தெருவே போதும். திங்கட்கிழமை இங்கே கடைகளுக்கு விடுமுறை. அது வழக்கம், 'குளோஸ்'. ஆனால் ஒருவர் ஷட்டரைப் பாதி தூக்கிச் சரக்கு இறக்கிக்கொண்டிருப்பார். அது 'இஸ் அன்லோடிங்'. ஜன்னலில் நின்றபடியே பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்.

பிரசண்ட் பர்ஃபெக்ட்தான் உயிரை வாங்கும். அதற்குக் கிரிக்கெட்டைப் பிடித்துக்கொண்டேன். 1999 பிப்ரவரி 7, நம் கோட்லா மைதானம். பாகிஸ்தானுக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டையும் கும்ப்ளே எடுத்தார். தேதி இருக்கிறது, கோட்டில் ஒரே புள்ளி, 'டுக்'. அஸ்வின் ஆடிக்கொண்டிருந்தவரை கதை வேறு. முதல் விக்கெட்டிலிருந்து 'இப்ப' வரை ஓர் அம்பு, 'ஹாஸ் டேக்கன்'. அடுத்த டெஸ்டில் எண்ணிக்கை ஏறலாம்.

2024 டிசம்பரில் அவர் ஓய்வை அறிவித்தார். டெஸ்ட் கணக்கு 537-இல் நின்றது. போர்டில் எதை மாற்றணும் என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். கடைசி பெஞ்சுப் பெண் வந்து அம்பின் நுனியை அழித்தாள். 'இப்ப'வுக்குச் சற்று முன்னால் குறுக்கே ஒரு கோடு போட்டாள். "இனிமே ஏறாதே சார், அப்ப டுக்தானே?" என்றாள். அதன் பிறகுதான் பிரசண்ட் பர்ஃபெக்ட் என்ற பெயரையே போர்டில் எழுதினேன்.

பிள்ளை பேசும்போது நடுவில் திருத்தாதீர்கள். பிழையை நோட்டில் குறித்துவைத்து, பேசி முடித்ததும் அவர்களையே கோட்டில் காட்டச் சொல்லுங்கள். ஒரு டென்ஸுக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். பிரசண்ட் பர்ஃபெக்ட் மூன்று வாரம் கேட்டாலும் கொடுங்கள்.