மெக்ஸிகோப் பிரயாணம்: லூஸ் அம்மையார் காத்த வீடு

தலைநகரத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதினேன். அங்கிருந்து வடக்கே, வறண்ட சமவெளிகளையும் மொட்டைக் குன்றுகளையும் வெகுதூரம் கடந்து, அமெரிக்க எல்லையை ஒட்டிய மாகாணத்தின் தலைநகராகிய சிவாவாவை அடைந்தேன். மெக்ஸிகப் புரட்சியில் வடதிசைப் படையை நடத்திய பாஞ்சோ வியாவின் இல்லம் இங்கேதான் இருக்கிறது. அவருடைய மனைவி லூஸ் கொர்ரால் அம்மையாரின் பெயரால் 'கிந்தா லூஸ்' என வழங்கும் அம்மாளிகை, இன்று புரட்சியின் சரித்திரத்தைச் சொல்லும் காட்சிசாலை.

துப்பாக்கிகளையும் குதிரைச் சேணங்களையும் பழைய புகைப்படங்களையும் பார்த்துக்கொண்டே சென்றவன், ஒரு கறுப்பு டாட்ஜ் மோட்டாரின் முன்னே வெகுநேரம் நின்றுவிட்டேன். 1923 ஜூலை 20-ஆம் தேதி, பர்ரால் நகரில் ஒரு வீட்டுக்குள் பதுங்கியிருந்தவர்கள் சரமாரியாகச் சுட்டபோது, வியா தாமே ஓட்டிவந்த வண்டி அது. குண்டுகள் துளைத்த துவாரங்கள் அதன் தகட்டில் இன்றும் அப்படியே இருக்கின்றன.

1878-இல் துராங்கோவில் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்து, வழிப்பறிக்காரராகத் திரிந்து, 1912-இல் சிறையிலிருந்தபோது சக கைதி ஒருவரிடம் எழுத்தறிவு பெற்ற இம்மனிதர், மறு ஆண்டின் இறுதியில் சிவாவாவின் கவர்னரானதும் பெருநிலக்காரர்களின் சொத்துக்களைப் பறிமுதல் செய்தார், பள்ளிகளைத் திறந்தார். போரை விடுத்துக் கனுத்தீயோ பண்ணையில் குடியேறிய பின்னும் குழந்தைகளுக்கென ஒரு பள்ளி அமைத்தார். அதே மனிதர்தாம் 1915-இல் சான் பெத்ரோ டெ லா குவேவா கிராமத்தில் நிரபராதிகளான ஆண்களைச் சுட்டுக் கொல்வித்தவரும். பள்ளியைப் போற்றுகிறவன் இந்தப் பாதகத்தை மறைத்தால் அது சரித்திரமாகாது.

அவர் மடிந்த பின் நெடுங்காலம் சர்க்கார் அவரைக் கௌரவிக்க முன்வரவில்லை. 1926-இல் கல்லறையையே தோண்டித் தலையைத் திருடிச் சென்றனர். அந்நாட்களில் லூஸ் அம்மையார் அந்த மோட்டாரையும் கணவரின் பொருள்களையும் கைவிடாமல் காத்து, தம் வீட்டுக் கதவை வந்தோர்க்கெல்லாம் திறந்து வைத்தார். வியாவின் பெயரைப் பாராளுமன்றச் சுவரில் பொன்னெழுத்துகளில் பொறிக்க 1966-இல்தான் தீர்மானமாயிற்று. அவருடைய எலும்புகள் தலைநகரத்துப் புரட்சி நினைவுச் சின்னத்தை அடைந்தது 1976-இல். 1981-இல் அம்மையார் காலமானார். அதன் பின்னர் அரசாங்கத்தின் வசமான இவ்வீட்டை இன்று பராமரிப்பது தேசிய ராணுவம்.

தேசம் தயங்கி நின்ற அத்தனை ஆண்டுகளும் ஒரு விதவை தனியே நின்று இந்த ஞாபகத்தைக் காத்திராவிட்டால், அரசாங்கம் பின்னாளில் மரியாதை செய்ய எண்ணியபோது இங்கே கைக்கொள்வதற்கு ஒரு வீடும் இராது, காட்டுவதற்கு ஒரு பொருளும் இராது. வியாவுக்குச் செலுத்தும் வணக்கத்தில் பாதி அந்த அம்மையாருக்கு உரியது என்பதே என் துணிபு.

இங்கிருந்து தெற்கே பர்ராலுக்குப் புறப்படுகிறேன். அவர் வீழ்ந்த அந்தத் தெருவைப் பற்றி அடுத்த இதழில் எழுதுவேன்.