துப்பாக்கி விளையாட்டும் கள்ளன் வேடமும்

சென்ற தீபாவளியன்று காலை நம் பேரன் நம்மைச் சுட்டுவிட்டான். எட்டு வயதுச் சிறுவன். பசார் மாலத்தில் 15 வெள்ளிக்கு வாங்கிய பிளாஸ்டிக் துப்பாக்கி. விசையை அழுத்தினால் சிவப்பு விளக்கு மின்னும், உள்ளிருந்து படபடவென்று ஓசை எழும். நாமும் முறைப்படி மார்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிற் சாய்ந்து கண்மூடி உயிர்விட்டோம். அவனுக்குப் பெருமகிழ்ச்சி. ஆனால் செத்த கிழவனைச் சுடுவதில் எவ்வளவு நேரந்தான் இன்பம் இருக்கும்? வெளியே ஓடி, அடுக்குமாடியின் நடைபாதையிலிருந்த பிள்ளைகளைத் திரட்டினான். போலீஸ் யார், கள்ளன் யார் என்ற பங்கீடு தொடங்கிற்று. மாடிப்படிகளைக் கூட்டித் துடைக்கும் அம்மையாரின் மகனும் அங்கே நின்றுகொண்டிருந்தான். நம் பேரன் அவனைச் சுட்டிக்காட்டி, "அவன்தான் கள்ளன். அவன் எப்பவும் கள்ளன்தான்" என்றான்.

அந்தச் சொல் நம்மை உண்மையாகவே சுட்டது. ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்குமுன் அதே சொல்லை நாமும் சொல்லியிருக்கிறோம்.

சிறுவரின் துப்பாக்கி விளையாட்டைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு கட்சியினராய்ப் பிரிந்து நிற்பர். இவ்விளையாட்டுப் பிள்ளைகளைக் கொடியவராக்கும், ஆகவே ஒழிக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். எங்கள் காலத்து விளையாட்டுக் களங்கமற்றது, இக்காலத்ததே கேடு என்பர் மற்றொரு சாரார். நாம் இவ்விரு கட்சியிலும் சேரமாட்டோம். ஏனென்பதைச் சொல்ல வேண்டுமானால் நம் இளமைக் காலத்துக்குச் சற்றுத் திரும்பிச் செல்லவேண்டும்.

நாம் பிறந்து வளர்ந்தது பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். துப்பாக்கி வேண்டுமென்றால் நாங்கள் கடைக்குப் போவதில்லை. வாழை மரத்திடம் போவோம். வாழையிலையின் நடுத்தண்டை ஒரு முழம் நறுக்கி, அதன் முதுகில் ஐந்தாறு இடங்களிற் சாய்வாகச் சீவி, அச்செதில்களை நிமிர்த்தி நிறுத்தி, உள்ளங்கையால் ஒரே இழுப்பாய்த் தடவினால், அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தண்டில் அறைந்து இயந்திரத் துப்பாக்கிபோல ஒலிக்கும். பக்கத்துக் கம்பத்து மலாய்ப் பிள்ளைகளும் இதையே செய்தார்கள். இன்னொன்று மூங்கிற் குழாய். நனைத்த காகித உருண்டை ஒன்றை முன்வாயில் அடைத்து, மற்றொன்றைப் பின்வாயில் வைத்துக் குச்சியால் இடித்தால், இடைப்பட்ட காற்று இறுகி, முன்னுருண்டையை 'டப்' என்று பறக்கவிடும். காற்றை நெருக்கினால் அது பாயும் என்னும் பாடத்தை வாத்தியாரிடம் படிக்குமுன்னரே மூங்கிலிடம் படித்தோம்.

தீபாவளி வந்தால் தகரத் துப்பாக்கியும் கேப்புச் சுருளும் வரும். சிவப்புக் காகித நாடாவிற் கடுகளவாய் ஒட்டிய மருந்துப் பொட்டின்மேல் சுத்தியல் விழுந்ததும் வெடிக்கும். புகையும் நாற்றமும் எழும். எங்கள் லயத்துக்கே அப்படிப்பட்ட துப்பாக்கி ஒன்றோ இரண்டோதான். அதை வைத்திருந்தவனே அன்றைக்கு அரசன்.

உண்மைத் துப்பாக்கியையும் தோட்டத்து மக்கள் நன்கு அறிவார்கள். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதையொட்டிப் பிறந்த அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. துரையின் பங்களாவுக்கு மணல்மூட்டை அரணும், லயங்களுக்கு முள்வேலியும், வாயிலிலே துப்பாக்கி ஏந்திய தனிப்படைக் காவலருமாகத் தோட்டம் கிடந்ததைப் பெரியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்போர்க்குத் தூக்கு என்று அந்நாளில் விதி செய்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் மலாயா கணபதி 1949 மே 4 அன்று கோலாலம்பூர்ப் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர்மேற் சாட்டிய குற்றம் ஒரு கைத்துப்பாக்கியும் சில குண்டுகளும் வைத்திருந்தார் என்பதே. துரையின் இடுப்பிலே தொங்கினால் அது காவல். தொழிலாளியின் கையிலே கண்டால் அது தூக்கு! துப்பாக்கி ஒன்றுதான், அதைப் பிடித்த கை யாருடையது என்பதே வழக்கு. இதைக் கண்ட தலைமுறையாதலின், "கட்டையானாலும் மனுசனைப் பார்த்து நீட்டாதே" என்று நம் தந்தையார் அடிக்கடி அதட்டுவார். அவ்வதட்டல் நம் காதில் விழுந்ததே தவிர நெஞ்சில் ஏறவில்லை.

எங்கள் விளையாட்டுக்குப் போலீசும் கள்ளனும் என்று பெயர். போலீசாக எல்லாரும் விரும்புவோம். கள்ளனாக ஒருவரும் விரும்போம். ஆனால் இதில் ஒருநாளும் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. ஏன்? கடைசி லயத்துச் சிறுவன் ஒருவன் இருந்தான். அந்த லயத்தார்க்கு ஊர்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த சாதிப்பெயர் ஒன்று இருந்தது. வெட்டுமரத்தில் எல்லாரும் ஒரே பாலைத்தான் எடுத்தார்கள். பெரட்டில் எல்லாரும் ஒரே வரிசையில்தான் நின்றார்கள். ஆனால் வீட்டு வாசலில் அந்தப் பெயர் நினைவுக்கு வந்துவிடும். பெரியவர்கள் வாசலிற் செய்ததைப் பிள்ளைகள் நாங்கள் மைதானத்திற் செய்தோம். "நீதான் கள்ளன்" என்போம்; அவனும் சிரித்துக்கொண்டே ஓடுவான். அவனுடைய வாழைமட்டைத் துப்பாக்கிதான் எல்லாவற்றிலும் உரத்து ஒலிக்கும். அதைச் செய்தவன் அவன், பிடித்தவர்கள் நாங்கள்.

1964 ஆம் ஆண்டுப் பள்ளி விடுமுறை. நமக்கு வயது பத்து. தோட்டத்துக் கிராணியாரிடம் காற்றுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. பழமரங்களில் ஏறும் அணில்களைச் சுட அதற்கு உரிமம் பெற்றிருந்தார். அவர் பட்டணம் போயிருந்த ஒரு பிற்பகலில், அவருடைய மகன் அதைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்தான். அதற்கு மருந்து இல்லை, புகை இல்லை, நாற்றமும் இல்லை. குழலை மடக்கினால் உள்ளே வலிய வில்லொன்று சுருங்கி நிற்கும். விசையை இழுத்ததும் அவ்வில் விரிந்து காற்றை அறைய, அக்காற்று ஈயக்குண்டைத் தள்ளும். எங்கள் மூங்கிற் குழாயின் தொழிலே அது. ஆயினும் மூங்கிலின் வலிமையை நம் கையே அளந்து அறிந்திருந்தது. அந்த வில்லின் வலிமையை எந்தப் பிள்ளையின் கையும் அறியவில்லை. "உள்ளே ஒன்றும் இல்லை" என்றான் கிராணியார் மகன். அதை வாங்கி நீட்டியவர் நாமே.

கடைசி லயத்துச் சிறுவன் பலாமரத்தடியில் நின்றான். நாம் சொல்லுமுன்னரே இரு கைகளையும் தூக்கினான், பழகிய வேடமன்றோ! விசையை இழுத்தோம். குண்டு அவனுடைய வலக்கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே பாய்ந்தது.

தோட்டத்து டிரஸர் குண்டை எடுத்தார், கண் பிழைத்தது. ஆனால் நாம் சொல்லவந்தது அக்காயத்தை அன்று. அன்று மாலை அவனுடைய தகப்பனார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அஞ்சடியில் ஏறாமல், துண்டை இடுப்பிற் கட்டிக்கொண்டு, கீழே மண்ணில் நின்றார். நம் உடல் நடுங்கிற்று. அடிக்க வந்திருக்கிறார் என்று கதவுக்குப் பின் ஒளிந்தோம். அவர் சொன்னதோ வேறு: "பையன் குறுக்கே நின்னுட்டான் ஐயா. மனசுல வச்சுக்காதீங்க." சுடப்பட்டவனின் தகப்பன் சுட்டவனின் தகப்பனிடம் மன்னிப்புக் கேட்டார்! சீர்திருத்தக் கூட்டங்களில் முன்வரிசையில் அமர்ந்து கைதட்டிய நம் தந்தையார், அவரை "மேலே வாருங்கள்" என்று ஒரு வார்த்தை அழைக்கவில்லை. "பிள்ளைகள் விளையாட்டுத்தானே" என்றார். நாமும் வாய்திறக்கவில்லை. மறுவாரம் விளையாட்டு மீண்டும் தொடங்கிற்று. கன்னத்தில் கட்டுடன் அவனே கள்ளன்.

இன்று அத்தோட்டம் செம்பனையாகி, செம்பனையும் வீடுகளாகிவிட்டது. துப்பாக்கிகளும் மாறிவிட்டன. நீரில் ஊறிப் பருக்கும் மணிகளை எய்வன வந்துள்ளன. அவையும் கண்ணிற் பட்டால் கேடுதான். திரையிலே நாளொன்றுக்கு நூறுபேரை வீழ்த்தும் பிள்ளைகளும் உளர். அங்கே பகைவன் யார் என்பதை அவ்விளையாட்டைச் செய்து விற்றவனே முடிவுசெய்து அனுப்பிவிடுகிறான். சட்டமும் கண்விழித்தே இருக்கிறது. மலேசியாவின் 1960 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதமென்றே கொள்கிறது. உண்மைத் துப்பாக்கிபோலத் தோன்றும் போலிகளும் அதன் பிடிக்குள் வருவனவே. சிங்கப்பூரிலும் உரிமமின்றிக் காற்றுத் துப்பாக்கி வைத்திருப்பது குற்றமாகும். பெற்றோர் இவற்றை அறிந்திருத்தல் நலம்.

கருவியைப் பழித்துப் பயனில்லை என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் நூர் சூர்யானி தைபி என்னும் மலேசியப் பெண்மணி எட்டுமாதக் கருவுடன் 10 மீட்டர்க் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் நின்றார். அங்கே குண்டின் தடிப்பு நாலரை மில்லிமீட்டர். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். அக்களத்திற் கற்பிக்கும் முதற்பாடங்கள் மூன்று: எத்துப்பாக்கியும் குண்டுள்ளதென்றே எண்ணு; ஆள் இருக்கும் பக்கம் நீட்டாதே; சுட வேண்டிய கணம்வரை விரலை விசையில் வையாதே. நம் தந்தையாரின் அதட்டலும் இம்மூன்றில் ஒன்றுதான். ஆனால் கண்ணைக் காக்கும் பாடம் இது. மனத்தைக் காக்கும் பாடம் ஒன்று மிச்சமிருக்கிறது. அதைச் சட்டமும் சொல்லாது, களமும் சொல்லாது. கள்ளன் யார் என்று பிள்ளைகள் பங்கிடும்போது வீட்டுப் பெரியவர் காதுகொடுத்துக் கேட்கவேண்டும். யாரைச் சுட்டால் ஒருவரும் கேட்கமாட்டார் என்பதைப் பிள்ளை எங்கே கற்கிறது? நம் வாசலில், வேலைக்காரரை நாம் அழைக்கும் குரலில், யாருக்குத் தனிக் கோப்பையில் நீர் கொடுக்கிறோம் என்பதில்.

தீபாவளியன்று நாம் எழுந்து நடைபாதைக்குப் போனோம். "இன்றைக்குத் தாத்தாதான் கள்ளன்" என்று சொல்லி, பேரன் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கி, அந்த அம்மையாரின் மகனிடம் கொடுத்தோம். கைகளைத் தூக்கி நின்றோம். பேரன் முகம் கோணிற்று. அச்சிறுவனோ துப்பாக்கியைப் பிடிக்கத் தெரியாமற் பிடித்துக்கொண்டு, "சுடலாமா, தாத்தா?" என்று கேட்டான். நாம் விடைசொல்லுமுன் அவன் தாய் படிக்கட்டிலிருந்து ஓடிவந்து, "மன்னிச்சிடுங்க ஐயா, தெரியாம எடுத்துட்டான்" என்றார்.

அறுபது ஆண்டு கழிந்தும் அதே மன்னிப்பு! கேட்கவேண்டியவர் கேளாமலும், கேட்கவேண்டாதவர் கேட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். "எடுக்கவில்லை அம்மா, நாமே கொடுத்தோம், உள்ளே வந்து உட்காருங்கள்" என்றோம். நம் தந்தையார் சொல்லாது விட்ட வார்த்தை அது. அம்மையார் தயங்கித் தயங்கி வந்து நாற்காலியின் நுனியில் அமர்ந்தார். பேரனைக்கொண்டு முறுக்குத் தட்டை நீட்டச் செய்தோம். ஒரு நாளில் திருந்திவிட்டான் என்று நாம் எழுதமாட்டோம். ஆனால் மறுநாள், "இன்னைக்கு யார் கள்ளன், தாத்தா?" என்று கேட்டான். இதற்குமுன் அது அவனுக்குக் கேள்வியாகவே இருந்ததில்லை.

அந்தக் கடைசி லயத்துத் தோழர் இப்போது எங்கிருக்கிறாரோ அறியோம். தோட்டம் துண்டாடப்பட்டபோது அவர் குடும்பம் எப்பக்கம் போயிற்று என்பதும் தெரியவில்லை. இவ்வெழுத்து அவருடைய இரு கண்களிலும் படுமாயின், பலாமரத்தடியிற் கைதூக்கி நின்றவரே, குறுக்கே நின்றவர் நீரல்லீர் என்று சொல்லிக்கொள்கிறோம். வாசக அன்பர்களே, உங்கள் பிள்ளைக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுங்கள், அல்லது வாங்காது விடுங்கள். அது உங்கள் விருப்பம். கள்ளன் வேடம் முறைவைத்து மாறுகிறதா என்பதை மட்டும் ஒருமுறை வெளியே எட்டிப் பாருங்கள்.