பருப்பின் மீது விழுந்த பழி

வியாதிகளுக்குள்ளே கௌரவமான வியாதி ஒன்று உண்டென்றால் அது 'கவுட்' என்னும் கீல்வாயுதான். முற்காலத்தில் ஐரோப்பாவின் ராஜாக்களுக்கும் பிரபுக்களுக்கும் உரியதென்று அதற்குப் பெயர். நமது வலது கால் கட்டைவிரலுக்கு அந்தப் பிரபுத்துவம் இரண்டு வருஷங்களுக்கு முன் கிடைத்தது. போர்வையின் ஓரம் பட்டாலும் பிராணன் போகிறாற்போன்ற வேதனை. கரும்பலகையின் முன் நின்று பிழைக்கும் உபாத்தியாயருக்கு இது எவ்வளவு பெரிய சங்கடம் என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

செய்தி பரவியதும் யோசனை சொல்லப் பலர் புறப்பட்டார்கள். "முதலில் பருப்பை நிறுத்துங்கோ" என்றார் அடுத்த வீட்டு மாமி. ஆசிரியர் அறையிலோ கீரை, காலிபிளவர், தக்காளி எல்லாவற்றிற்கும் தடையுத்தரவு பிறந்தது. ஒரு மாத காலம் நமது வீட்டில் சாம்பார் என்ற பேச்சே இல்லை. குழந்தைகள் நம்மைப் பார்த்த பார்வையை இங்கே வர்ணிக்கப் போவதில்லை. வலி மட்டும் தவறாமல் மறுபடி வந்தது.

விஷயம் இதுதான். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறக்குறைய 6.8 மில்லிகிராமுக்கு மேற்பட்டால், அது ஊசி போன்ற பளிங்குகளாக மூட்டில் படியக்கூடும். அந்த அமிலத்தின் பெரும்பகுதியை நமது சரீரமே உற்பத்தி செய்கிறது. ஆகாரத்தின் பங்கு அதைவிடக் குறைவு. மூத்திரக் கோசங்கள் அதைச் சரிவர வெளியேற்றாததே பெரும்பாலோருக்கு மூலகாரணம். அமெரிக்காவில் 47,150 ஆடவரைப் பன்னிரண்டு வருஷம் கவனித்து 2004-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். மாமிசமும் மீனும் மிகுதியாக உண்டவர்களுக்கு இந்நோய் அதிகம் வந்தது. 'பியூரின்' நிறைந்த காய்கறிகளை உண்டவர்களுக்கு அதிகமாக வரவில்லை. பால், தயிர் சாப்பிட்டவர்களுக்கோ குறைவாகவே வந்தது. மோர் சாதத்தை இகழ்கிறவர்கள் கவனிக்க!

உண்மையான குற்றவாளிகள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். மதுவில் பீர் முக்கியமானது. அதைத் தொடாத குடும்பங்களிலும் சர்க்கரைப் பானங்கள் தாராளமாக நுழைகின்றன. அவற்றிலுள்ள பிரக்டோஸ் என்னும் சர்க்கரை யூரிக் அமிலத்தை ஏற்றிவிடும். கல்யாண வீட்டில் சாம்பாரை ஒதுக்கிவிட்டு இரண்டு பாட்டில் கலர் குடித்த நோயாளி ஒருவரை நாமே கண்டிருக்கிறோம். ஜலமும் அருந்தாமல் உபவாசம் இருப்பதும் ஆபத்தே. பட்டினியில் சேரும் கீட்டோன்கள் யூரிக் அமிலம் வெளியேறுவதைத் தடுக்கின்றன. ஏகாதசி மறுநாள் கால் வீங்கினால் துவாதசிப் பருப்பின் மேல் பழி போடுவது நியாயமா?

பத்தியத்தால் மட்டும் பலருக்கு அமிலம் வேண்டிய அளவு இறங்குவதில்லை. அலோபூரினால் என்னும் மருந்து 1966 முதல் அமெரிக்காவில் வழக்கத்தில் இருக்கிறது. அதை ஆக்கிய எலியன், ஹிட்சிங்ஸ் இருவருக்கும் 1988-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வலி வருங்கால் தரும் கோல்சிசின் என்ற மருந்துப்பொருளோ நமது செங்காந்தளிலும் உண்டு. அதற்காக யாரும் கிழங்கைத் தோண்டித் தின்றுவிட வேண்டாம். அது உயிரைக் குடிக்கும் விஷம்.

அலோபூரினால் ஆரம்பித்த முதல் சில மாதங்களில் படிந்த பளிங்குகள் கரையும்போது வலி திரும்பவும் வரலாம். பலர் அப்பொழுதுதான் மாத்திரையை வீசி எறிகிறார்கள். நமக்கும் இரண்டாவது மாதத்தில் வந்தது. டாக்டர் முன்னரே எச்சரித்திருந்தபடியால் மாத்திரையை விடவில்லை. சென்ற பரிசோதனையில் கணக்கு 5.4. துவரம்பருப்பு இப்போது மாதம் மூன்று கிலோ வாங்குகிறோம்.