பெர்மனென்ட் வே காக்கிறவர்களுக்கு

அன்புள்ள கீமேன் அண்ணன்களுக்கும், ரயில்பாதை கேங்கில் வேலை பார்க்கும் அக்காக்களுக்கும்,

நெமிலிச்சேரியில் லோக்கல் ஏறி வேலைக்குப் போகிறவர்களில் நானும் ஒருத்தி. நாங்கள் லைன் என்போம், டிராக் என்போம். உங்கள் இலாகாவில் அதற்குப் பெயர் 'பெர்மனென்ட் வே'. ரயில்பாதை போடும்போது மண்ணும் சாமானும் கொண்டுவர முதலில் தற்காலிகப் பாதை ஒன்று போடுவார்கள். வேலை முடிந்து, வண்டி ஓடுவதற்கென்றே போடுவதுதான் நிரந்தர வழி. தண்டவாளம், சிலிப்பர், கிளிப், ஜல்லி எல்லாம் 'வே' என்கிற அந்தச் சின்னச் சொல்லுக்குள் அடக்கம்.

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போன தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்த வழியாகத்தான் போனது. அன்று போட்ட இரும்பு என்றைக்கோ தேய்ந்து போயாயிற்று. கிளிப் தளரும், ஜல்லி அமுங்கும். இருந்தும் வழி இருக்கிறதென்றால், நீங்கள் தினமும் நடப்பதால்தான்.

கீமேன் அண்ணே, ஸ்பேனர், சுத்தியல், கொடிகளோடு போகும்போது ஒரு தண்டவாளத்தையும், திரும்பும்போது மற்றதையும் பார்த்து வருகிறீர்கள். நீளமாக வெல்டிங் செய்த தண்டவாளம் சித்திரை வெயிலில் நீளப் பார்க்கும். ஜல்லி இறுக்கிப் பிடிக்காவிட்டால் பக்கவாட்டில் நெளிந்துவிடும். மார்கழி விடியலில் சுருங்கும், வெல்டிங் விட்டுப்போகலாம். மயிரிழை விரிசலானாலும் அதை முதலில் பார்க்கவேண்டிய கண் உங்களுடையது. எங்கள் பெட்டியில் அப்போது பலர் தூக்கத்தில் இருப்போம்.

ஒரு லைனில் வண்டி ஓடும் இரைச்சலில் பக்கத்து லைனில் வருவது காதில் விழாது. அப்படி உயிர்விட்ட தோழர்கள் உங்களுக்கு உண்டு. அவர்கள் வீட்டாருக்கும் இந்த மடல் சேரவேண்டும். என்ன எழுதினாலும் அந்தக் கடன் தீராது.

அக்கா, குனிந்து ஜல்லி வாருகிற உங்கள் பக்கம் ஜன்னலிலிருந்து பாட்டில் வந்து விழுவதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. கூட வரும் பெண்களிடம் சொல்லி எங்கள் பெட்டியிலாவது அதை நிறுத்தப் பார்க்கிறோம். ஓரம் ஒதுங்கி நிற்கும்போது நாங்கள் கையாட்டினால், அது உங்களுக்குத்தான்.


நெமிலிச்சேரி சீசன் டிக்கெட் பயணி ஒருத்தி