பத்தியமும் பாலகரும்

தமிழ்நாட்டு உப்பில் பெரும்பகுதி விளைவது தூத்துக்குடி உப்பளங்களில். அந்த ஊரில் குடியிருந்துகொண்டே உப்பை விலக்கி வாழ முடியுமா என்ற விவாதம் சென்ற இரண்டு வருஷங்களாக நமது இல்லத்தில் நடந்து வருகிறது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நமது தமையனார் இயற்கை உணவில் ஈடுபட்டார். ஊறவைத்த நிலக்கடலை, முளைகட்டிய பயறு, தேங்காய், பழம் ஆகியவையே மனிதனுக்குப் போதும். உப்பும் சர்க்கரையும் பாலும் வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. அவருடைய தேகம் லேசாயிற்று, மூட்டுவலியும் குறைந்தது. அதில் நமக்கெல்லாம் சந்தோஷமே.

ஆனால் ஒருநாள் அவர், "தம்பி, நல்லது இன்னதென்று தெரிந்த பிறகு குழந்தைகளுக்கு மட்டும் வேறு ஆகாரம் கொடுப்பது நியாயமா?" என்று கேட்டார். நம் வீட்டில் பதினொரு வயதுப் பையனும் ஆறு வயதுப் பெண்ணும் இருக்கிறார்கள். கேள்வி வேடிக்கையானதன்று. தமையனார் அன்பினால் கேட்டார். ஆகவே பதில் சொல்வது கடினமாயிற்று.

அவர் எடுத்துக்காட்டிய சான்று மகாத்மா காந்தி. தென்னாப்பிரிக்காவில் ஜோஹானஸ்பர்க் நகருக்கு இருபத்தொரு மைல் தூரத்தில், 1910-ஆம் ஆண்டில், சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் வாழ்வதற்காக 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றி அளித்தவர் ஹெர்மான் காலன்பாக் என்ற கட்டிடக் கலைஞர். அவர் ஜெர்மானிய யூதர். டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர் பெற்ற அவ்விடத்தில் தமிழ்க் குழந்தைகள் பலர் வளர்ந்தனர். அவர்களுக்குத் தாம் அறிந்த சொற்பத் தமிழைக் கொண்டு காந்திஜியே தமிழ் கற்பித்தார். 1912-இல் அவரும் காலன்பாக்கும் பாலைத் துறந்தனர். யோசனையைச் சொன்னவர் காலன்பாக்கே. பிறகு நிலக்கடலையும் வாழைப்பழமும் பேரீச்சம்பழமும் எலுமிச்சையும் ஒலிவ எண்ணெயுமே இருவருக்கும் ஆகாரமாயின. "பார்த்தாயா?" என்றார் தமையனார்.

பார்த்தோம். அந்த விரதத்தை ஏற்றவர்கள் வயது வந்த இருவர் என்பதையும் பார்த்தோம். பண்ணைக்கு வந்த கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பத்தினர் மாமிசம் வேண்டுமென்று கேட்டால் கொடுத்தே தீரவேண்டும் என்று காந்திஜி கருதினார்; அவர்களைக் கலந்து பேசி, அவர்கள் சம்மதித்த பிறகே சைவச் சமையல் ஏற்பட்டது. அதற்கும் முன்னால், 1902-இல் பம்பாயில் அவருடைய பத்து வயது மகன் மணிலால் கடுஞ்சுரத்தில் கிடந்தபோது, டாக்டர் முட்டையும் கோழி ரசமும் கொடுக்கச் சொன்னார். காந்திஜி மறுத்தார், பையன் பிழைத்தான். ஆயினும் தம் கொள்கையைப் பிள்ளையின்மீது சுமத்தப் பெற்றோருக்கு என்ன உரிமை என்ற கேள்வி அந்த நாட்களில் தம்மை வாட்டியதாக அவரே தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மேலும், தம்மைப் பின்பற்றிப் பாலை விட்டவர்கள் பயன் காணாவிடில் பிடிவாதம் செய்ய வேண்டாமென்றும் எச்சரித்திருக்கிறார். தாமும் நோயுற்றபின் ஆட்டுப்பால் அருந்தினார்.

காலன்பாக் பிறந்த யூத குலத்தை எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய ஆகார நியமம் மிகக் கண்டிப்பானது. மாமிசத்தையும் பாலையும் சேர்த்து உண்ணலாகாது. செதிலும் துடுப்பும் உள்ள மீனே ஆகும்; நமது முத்துக் கடற்கரையின் இறாலும் நண்டும் சிப்பியும் அந்த அடுக்களைக்குள் நுழைய முடியாது. ஆனால் அத்தனை கண்டிப்பிலும் ஒரு விலக்கு உண்டு. பதின்மூன்று வயது நிரம்பாத பையனுக்கும் பன்னிரண்டு நிரம்பாத பெண்ணுக்கும் வருஷாந்தரப் பெருநோன்பு கடமையன்று. உயிருக்கு ஆபத்து நேருமிடத்து நியமமே விலகி நிற்கும்.

இந்தக் கரையிலும் அப்படியே. காயல்பட்டினத்து முஸ்லிம்களின் ரமலான் நோன்பு பருவமெய்தாத பிள்ளைகளுக்குக் கடமையன்று. கத்தோலிக்கப் பரதவர் வீடுகளில் சுத்தபோசனம் பதினான்கு வயதிலும், ஒருசந்தி பதினெட்டு வயதிலும் தொடங்குவது திருச்சபைச் சட்டம். ஏகாதசி விரதமும் எட்டு வயதுக்கு மேல் எண்பதுக்குள் என்பார்கள். பழைய நியமங்களை வகுத்தவர்கள் பிள்ளைகளின் பசியை அறிந்திருந்தார்கள். இன்றைய ஆரோக்கியப் பத்தியங்களிலோ வயது வரம்பே காணோம்!

விஞ்ஞானமும் இதையே சொல்லுகிறது. பி12 என்னும் வைட்டமின் பிரித்தெடுக்கப்பட்டது 1948-இல்; காந்திஜி மறைந்த ஆண்டும் அதுவே. பால், முட்டை, மீன், மாமிசம் ஆகியவற்றிலிருந்தே அது இயல்பாகக் கிடைக்கிறது. குறைந்தால் இரத்தசோகை உண்டாகும். சிறு குழந்தைகளுக்கு மூளையும் நரம்பும் பாதிக்கப்படும். பெரியவர் உடலில் பல வருஷங்களுக்குச் சேமிப்பு இருக்கும். குழந்தைக்கு அந்தக் கையிருப்பு இல்லை. பாலை விடுவோர் இதனை மாத்திரையாகவேனும் உட்கொள்வது அவசியம். அயோடின் சேர்த்த உப்பும் வளரும் பிள்ளைகளுக்கு வேண்டியதே.

பையன் பெரியப்பாவிடம் பக்தி உடையவன். தானாகவே சர்க்கரையை விட்டான். ஒருமாதம் சென்றது. ஒருநாள் மாலை அவன் சட்டைப்பையில் மக்ரூன் துகள்கள் இருந்தன. முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும் சேர்ந்த அந்தப் பண்டத்தை இவ்வூர்ப் பிள்ளை எவன் மறுப்பான்? தின்றதைப் பற்றி நமக்கு வருத்தமில்லை. "நான் தின்னவில்லை, பெரியப்பா" என்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சொன்னானே, அதுதான் மனத்தைச் சுட்டது. விரதம் அவனுக்குப் புலனடக்கத்தைக் கற்பிப்பதற்கு முன் மறைக்கக் கற்பித்துவிட்டது.

அன்றிரவு தமையனாரிடம், "அண்ணா, உங்கள் தட்டில் யாரும் கைவைக்க மாட்டோம். சின்னவளின் பால் டம்ளரில் நீங்களும் கைவைக்க வேண்டாம். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு அவளே தீர்மானிக்கட்டும்" என்று தெரிவித்தோம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் அதன்பின் வற்புறுத்தவுமில்லை. இப்போது ஒரே பந்தியில் அவர் கடலையை மெல்லுகிறார். பெண் தயிர்சாதம் உண்கிறாள். பையன் இரண்டிலும் பங்கு கேட்கிறான்.

தியாகம் உயர்ந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அதைச் செய்கிறவனுக்கு, செய்யாதிருக்கவும் சுதந்திரம் இருக்கவேண்டும். பெரியவர்கள் தம் நாவைத் தாமே அடக்கட்டும். குழந்தைகளின் நாவை அடக்குவதற்கு விரதம் என்று பெயரிடுவது பொருந்தாது.