கப்பல் வந்தால்தான் சாப்பாடு!

பசிபிக் மகா சமுத்திரத்தில், பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே, ஒரு கடுகு போல் கிடக்கிறது நவூரு தீவு. விஸ்தீரணம் 21 சதுர கிலோ மீட்டர். ஜனத்தொகை சுமார் 12,000. ஆனாலும் தனிக் குடியரசு! ஜனாதிபதி உண்டு, பார்லிமெண்ட் உண்டு, தலைநகரம் என்று ஒன்று மட்டும் கிடையாது.

தீவைச் சுற்றி ஒரே சாலை, 19 கிலோ மீட்டர். மோட்டாரில் கிளம்பினால் அரை மணியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்து விடுவீர்கள். வழியில் விமானம் இறங்குகிறதென்றால் வண்டிகளை நிறுத்தி விடுவார்கள். ஓடுதளம் அவ்வளவு பக்கத்தில்!

அங்குள்ளவர்களைப் பார்த்ததும் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். பெரியவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் ஸ்தூல சரீரம். "தின்று கொழுத்தவர்கள்" என்று சட்டென்று சொல்லி விடாதீர்கள், சகோதரிகளே! அவர்கள் கதையைக் கேளுங்கள்.

ஒரு காலத்தில் மீனும் தேங்காயும் தாழம்பழமும்தான் அவர்கள் ஆகாரம். தீவின் நடுவே மேட்டு நிலத்தில் பாஸ்பேட் என்ற உர மண் இருப்பதை வெள்ளைக்காரர்கள் கண்டு பிடித்தார்கள். 1907-ல் முதல் கப்பல் அதை ஏற்றிக் கொண்டு கிளம்பியது. நவூருவின் மண் ஆஸ்திரேலியாவிலும் நியூஜிலாந்திலும் வயல்களைச் செழிக்க வைத்தது. நவூருவில் மிஞ்சியது என்ன? தீவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, பல் பல்லாய் நிற்கும் பவளப் பாறை! அங்கே ஒரு கத்தரிச் செடி வைக்க முடியாது.

மண் போன கப்பலிலேயே வெள்ளை அரிசியும், சீனியும், டின் மாமிசமும் வந்து இறங்கின. 1920-க்குப் பின் நடந்ததைக் கேட்டால் நெஞ்சு பதறும். குடி கூடாதென்று அதிகாரிகள் தென்னங்கள்ளைத் தடுத்தார்கள். அந்தக் கள்ளில்தான் தாய்மார்களுக்கு வேண்டிய 'பி' வைட்டமின் இருந்தது! தீட்டிய அரிசியில் அது ஏது? கைக் குழந்தைகள் பெரிபெரி நோயால் மாண்டன. காரணத்தைக் கண்டு பிடித்தவர் அங்கிருந்த டாக்டர் பிரே.

1968-ல் சுதந்திரம் வந்தது. பாஸ்பேட் பணமும் சொந்தமாயிற்று. உலகத்துப் பணக்கார நாடுகளில் ஒன்று என்று பெயர். கொல்லையைக் கொத்துவானேன், வலை வீசுவானேன்? எல்லாம் கடையில் கிடைத்தன. 1975-ல் பால் ஜிம்மெட் என்ற ஆஸ்திரேலிய நிபுணர் வந்து பரிசோதித்தார். பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு!

பிறகு பாஸ்பேட்டும் தீர்ந்தது, பணமும் கரைந்தது. வாயில் பழகிய ருசி மட்டும் போகவில்லை. அதை விட்டுத் திரும்பலாமென்றால் நிலமும் இல்லை. நல்ல தண்ணீருக்கே மழையையும், கடல் நீரைச் சுத்தம் செய்யும் யந்திரத்தையும் நம்பியிருக்கிறார்கள். கறிகாய் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வந்து சேர்வதற்குள் பாதி வாடி விடும். விலையோ யானை விலை! டின் மாமிசம் வாடுவதில்லை. பாக்கெட் நூடுல்ஸ் அழுகுவதில்லை. குடும்பம் நடத்துகிறவள் எதை வாங்குவாள், நீங்களே சொல்லுங்கள்!

சும்மாவும் அவர்கள் இருந்து விடவில்லை. 2007-ல் சீனிக்கும் சீனிப் பண்டங்களுக்கும் 30 சதவிகித வரி போட்டார்கள். விமான ஓடுதளத்தைச் சுற்றி ஜனங்கள் நடைப் பயிற்சி செய்கிறார்கள். கரையோரத்து ஒடுங்கிய நிலத்திலும், புவாடா என்ற சிறு ஏரியைச் சுற்றியும் தென்னையும் வாழையும் இன்னும் தழைக்கின்றன. அங்கே கொல்லைத் தோட்டம் போடுகிறவர்களும் உண்டு.

சீனி விலையை ஏற்றியது சரிதான். கீரை விலை இறங்க வேண்டாமா? நாக்கைக் கட்டு என்று யாரும் சுலபமாகச் சொல்லி விடலாம். கட்டிய பிறகு வயிற்றுக்கு எதைக் கொடுப்பது என்பதுதான் நவூருவின் தாய்மார்களுடைய கேள்வி.