அடியில் தங்கும் பருப்பு

எங்கள் துணை சுகாதார நிலையத்துக்கு வரும் கர்ப்பிணிகளிடம் "நல்லா சாப்பிடுறியா?" என்று நான் கேட்பதில்லை. எல்லாரும் "சாப்பிடறேன் சிஸ்டர்" என்றுதான் சொல்வார்கள். பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருக்கும்போது வேறென்ன சொல்ல முடியும்? நேற்றுக் காலையிலிருந்து தொடங்குவேன். எழுந்ததும் என்ன குடித்தாய், களை எடுக்கப் போகும்போது தூக்கில் என்ன கொண்டுபோனாய், ராத்திரி வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிட்டது? பெரும்பாலும் அந்தக் கடைசிக் கேள்வியில்தான் விஷயம் வெளியே வரும்.

சோறு இல்லாத வீடு இன்று எங்கள் பக்கம் அபூர்வம். ரேஷன் அரிசி வருகிறது. பருப்பில்தான் இடிக்கிறது. ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பை ஐந்து பேருக்கு மாதம் முழுக்க ஓட்டினால், வீட்டுக்கே ஒரு நாளைக்கு 33 கிராம். அந்தச் சாம்பாரிலும் அடியில் தங்கும் பருப்பு கரண்டியோடு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போய்விடும். கடைசியாக உட்காருகிறவளுக்கு மேலே நிற்கும் தண்ணீர்தான். அவள் வயிறு நிறையத்தான் சாப்பிட்டிருப்பாள், பொய் சொல்லவில்லை. எடை மட்டும் ஏறாது.

150 சென்டிமீட்டர் உயரம், 39 கிலோ எடை என்று பதிவுக்கு வரும் பெண்ணைப் பார்த்தால் எனக்கு மனசு கனத்துவிடும். அவ்வளவு மெலிந்தவள் பிரசவத்துக்குள் பன்னிரண்டரை கிலோவாவது கூட வேண்டும். "நிறைய தின்னா புள்ள பெருசாயிடும், அப்புறம் ஆபரேஷன்தான்" என்பார் மாமியார். அந்தப் பயத்தை நான் அலட்சியம் செய்வதில்லை. ஆஸ்பத்திரி எட்டாத காலத்தில் பிள்ளை பெற்றவர் அவர். "பயப்படாதீங்கம்மா, ஏறுற எடையில புள்ள மூணு கிலோதான். மிச்சம் ரத்தம், பனிக்குட நீர், நஞ்சு, பால் சுரக்கச் சேர்த்து வைக்கிற கொழுப்பு" என்று அவரிடமே கணக்குச் சொல்வேன். ரத்தம் என்றதும் காது கொடுப்பார்.

எடை பார்ப்பதிலும் கவனம் வேண்டும். செருப்பையும் பையையும் இறக்கிவைத்துவிட்டு, முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்துத்தான் ஏறச் சொல்வேன். ஒரே வாரத்தில் திடீரென்று எகிறினால் அது சாப்பாடு அல்ல, நீராக இருக்கலாம். கால் வீக்கத்தையும் ரத்த அழுத்தத்தையும் உடனே பார்த்தாக வேண்டும்.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகம் வருகிறது. அதிலுள்ள பேரீச்சம்பழத்தை மூத்த குழந்தை கை நீட்டிக் கேட்டால் எந்தத் தாய் தராமல் இருப்பாள்? அதைக் கண்டிக்க எனக்கு வாய் வராது. அங்கன்வாடி சத்துமாவில் வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்து எல்லாருக்கும் ஒன்று, அவளுக்கு மட்டும் இரண்டு என்று சொல்லிவிடுவேன். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதே, முருங்கைக்கீரைப் பொரியலில் இறக்கியபின் எலுமிச்சை பிழிந்துகொள் என்பேன். ஆப்பிள், பாதாம் படம் போட்ட அட்டையை எடுத்துக் காட்டவே மாட்டேன். வாங்க முடியாததைக் காட்டினால் அடுத்த மாதம் அவள் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டாள். வேர்க்கடலையும் நெத்திலிக் கருவாடும் சந்தையிலேயே இருக்கின்றன. உப்பு போக அலசிச் சமைத்தால் போதும்.

முட்டையைப் பற்றி அவளிடம் பேசிப் பயனில்லை, காசு அவள் கையில் இல்லை. கணவனைத்தான் கூப்பிடுவேன். "தம்பி, ஒரு அட்டையில முப்பது முட்டை. தினம் ஒண்ணு, அவளுக்கு மட்டும். நீங்களே வாங்கிட்டு வந்து, நீங்களே அவிச்சுக் குடுங்க." வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள், ஆனால் பலர் செய்கிறார்கள்.

செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகிறவர்களிடம்தான் என் பேச்சு பாதியில் நிற்கிறது. முன்பணம் வாங்கியாயிற்று, போகாதே என்று சொல்ல முடியாது. மாத்திரைகளைக் கையில் கொடுத்து, பதிவு எண்ணை அட்டையில் பெரிதாக எழுதி, அந்தப் பக்கத்து செவிலியரின் போன் நம்பரையும் சேர்த்து அனுப்புகிறேன்.